கண்ணாடிப் புலியின் வயிற்றில் என்ன?

ஹைதராபாத்தின் உப்பல் சாலையில் உப்புக் காற்று வீசுவதில்லை. அங்கிருந்து மசூலிப்பட்டினத்துக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆனால் கடற்கரையில் வலை வீசுகிறவரின் வயிற்றுப்பாட்டைத் தொடும் ஒரு கேள்விக்கு விடை காணும் வித்தை இந்தச் சாலையில் இருக்கிறது. கேள்வி சின்னதுதான். கரையோரக் கடலில் மிதந்து திரியும் குட்டி வேட்டைக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

உப்பல் சாலையில் ஹப்சிகுடாவில் இருக்கிறது சி.சி.எம்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். 1977இல் தொடங்கி 1987இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆராய்ச்சிக்கூடம். இங்கே எஸ்.கே. வர்மாவும் லால்ஜி சிங்கும் 2003இல் ஒரு உத்தியை வெளியிட்டார்கள். ஒரு துண்டு இறைச்சி, கொஞ்சம் ரத்தக்கறை, ஒரு மயிர்க்கால், எது கிடைத்தாலும் அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படித்து அது எந்த மிருகத்துடையது என்று சொல்லிவிடலாம். வேட்டைக்காரனின் பையில் இருந்தது ஆட்டுக்கறிதான் என்று அவன் சாதித்தால், இல்லை, மான்கறி என்று கோர்ட்டில் நிரூபிக்க உதவும் வித்தை. டி.என்.ஏ. கைரேகைக்கென்றே ஏற்பட்ட இன்னொரு மையமான சி.டி.எஃப்.டி.யும் இன்று உப்பலில்தான் இருக்கிறது.

காட்டு வேட்டைக்காரனைப் பிடிக்கும் இதே தந்திரம்தான் கடல் வேட்டைக்காரனின் வயிற்றைச் சோதிக்கவும் உலகெங்கும் இப்போது பயன்படுகிறது. அது ஏன் தேவைப்பட்டது என்பது தனிக் கதை.

கடலில் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகும் உயிர்களுக்குப் பொதுப் பெயர் மிதவை உயிரிகள். அதில் தாவர வகை, வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. பிராணி வகையில் பெரும்பாலானவை அந்தத் தாவரத்தை மேய்கின்றன. இந்த மேய்ச்சல் கூட்டத்தில் முக்கியமானது கோபிபாட். அரிசியைவிடச் சிறிய, இறாலுக்குத் தூரத்து உறவான பிராணி. கடலின் ஆட்டு மந்தை என்று இதைச் சொல்லலாம். மந்தை இருந்தால் புலியும் இருக்கும்.

இந்தப் புலிகளில் முதல் இடம் அம்புப் புழுவுக்கு. பெரும்பாலானவை ஓரிரு சென்டிமீட்டர்தான் இருக்கும். உடம்பு கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். அம்பின் இறகு போல இருபுறமும் துடுப்பு. வாயின் இரு பக்கமும் வளைந்த கொக்கிகள். உலகில் 100க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இதன் வேட்டை முறை பொறுமையானது. அசையாமல் மிதக்கும். பக்கத்தில் கோபிபாட் நீந்தும்போது தண்ணீரில் எழும் அதிர்வை உடம்பிலுள்ள நுண்மயிர்களால் உணர்ந்து பாயும். அதன் கண் இதற்குத் தேவையில்லை என்பது 1960களிலேயே சோதனைகளில் தெரிந்தது. பிடித்த இரையை மயக்க விஷமும் வைத்திருக்கிறது. பலூன் மீனைச் சாப்பிட்டு ஜப்பானியர்கள் சில சமயம் செத்துப் போகிறார்களே, அதே டெட்ரோடாக்சின் விஷம். பிறகு இரையை முழுசாக விழுங்கிவிடும்.

அம்புப் புழு தனியாள் அல்ல. சீப்பு போன்ற மயிர் வரிசைகளால் நீந்தும் சீப்பு ஜெல்லிகள் உண்டு. தமிழ்நாட்டு மீனவர்கள் சொறி என்று திட்டும் ஜெல்லி மீன்கள் உண்டு. ஒற்றைச் செல்லாக இருந்துகொண்டே மற்ற உயிர்களை விழுங்கும் நாக்டிலூகா உண்டு. 2019 ஆகஸ்ட் 18 இரவு சென்னை திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அந்த ஒளி நாக்டிலூகாவினுடையது. ஒரு மில்லிமீட்டர்கூட வராத அந்த உருண்டை, பிசுபிசுப்பான ஒரு கொடுக்கால் இரையை ஒட்டவைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். தாவர மிதவைகள் மட்டுமல்ல, கோபிபாடின் முட்டை, மீன் முட்டை எல்லாம் அதன் சாப்பாட்டில் உண்டு.

மீன் முட்டை என்றதும் விஷயம் மீன் மார்க்கெட்டுக்கு வந்துவிடுகிறது.

மத்தி மீனின் கதையை எடுத்துக்கொள்ளலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 2012இல் கேரளத்தில் பிடிபட்ட மத்தி சுமார் 3.9 லட்சம் டன். 2021இல் வெறும் 3,297 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பிறகு மத்தி திரும்பி வந்து மறுபடி லட்சம் டன்னைத் தாண்டியது. அளவுக்கு மீறிப் பிடித்தது, எல் நினோ, மழையின் தாறுமாறு என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரு தாய் மத்தி இடும் பல்லாயிரம் முட்டைகளில் எத்தனை குஞ்சாகி, எத்தனை குஞ்சு மீனாகிறது என்பதை முதல் சில வாரங்கள்தான் தீர்மானிக்கின்றன. அந்த வாரங்களில் குஞ்சுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று பட்டினி, இன்னொன்று எதிரி. மிதவை வேட்டைக்காரர்கள் இரண்டிலும் சம்பந்தப்பட்டவர்கள். குஞ்சு தின்னவேண்டிய கோபிபாடைத் தின்கிறார்கள். குஞ்சையும் தின்கிறார்கள்.

மீன்கள் முட்டையிடும் காலத்தில் தொந்தரவு கூடாது என்று கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருக்கிறது. மீனவர் கட்டுப்படுகிறார், நிவாரணத் தொகைக்குக் காத்திருக்கிறார். அம்புப் புழுவுக்குத் தடைக்காலம் கிடையாது.

இது வெறும் பயமுறுத்தலா? கருங்கடலைக் கேட்டால் தெரியும். அமெரிக்கக் கரைகளின் நெமியாப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லி, கப்பல்கள் எடைக்காக அடியில் நிரப்பிக்கொள்ளும் தண்ணீரோடு 1980களின் தொடக்கத்தில் கருங்கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1980களின் இறுதியில் கடலெங்கும் அதுவே நிறைந்திருந்தது. அதே சமயத்தில் துருக்கி மீனவர்களின் நெத்திலிப் பிடிப்பு சரிந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் காரணம்தான். ஆனால் நெத்திலியின் உணவையும் முட்டையையும் ஜெல்லி காலி செய்ததில் சந்தேகமில்லை. 1997இல் பெரோயி என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி வந்தது. அதன் தீனியே நெமியாப்சிஸ்தான். திருடனைப் பிடிக்கத் திருடனே வந்தது போல நிலைமை மெல்லச் சீரடைந்தது. யார் யாரைத் தின்கிறார்கள் என்ற பட்டியல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கருங்கடலின் நெத்திலி வியாபாரிகள் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இந்தியாவில் மீன் என்ன தின்கிறது என்ற ஆராய்ச்சி பழசு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல்லும் ராமசாமி நாயுடுவும் மலபார் மத்தியின் வாழ்க்கை வரலாற்றையும் அந்தக் கரையின் மிதவை உயிரிகளையும் 1920களிலேயே எழுதிவிட்டார்கள். மத்தி பெரிதும் தாவர மிதவையை நம்பியிருக்கிறது, கானாங்கெளுத்திக்குக் கோபிபாட் பிரியம் என்பதெல்லாம் பிற்பாடு நன்றாக நிலைபெற்றது. பம்பாய்த் துறைமுகத்தின் அம்புப் புழுக்களைப் பற்றி 1936இல் கட்டுரை வந்தது. 1960 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் பல நாட்டுக் கப்பல்கள் சேகரித்த மிதவை உயிரிகளைப் பிரித்து அடுக்கியது கொச்சியில் அமைந்த மையம்தான். அம்புப் புழுக்களில் எது எங்கே, எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில் என்று அங்கிருந்து நிறைய தெரியவந்தது. முகவரி தெரிந்துவிட்டது. சாப்பாடுதான் சிக்கல்.

கண்ணாடி உடம்பு என்பதால் உள்ளே போன இரை வெளியிலிருந்தே தெரியும். அப்புறம் என்ன கஷ்டம்? மூன்று கஷ்டம்.

முதலாவது, வலை. மிதவை உயிரிகளைப் பிடிக்கும் வலையின் அடியில் ஒரு குப்பி இருக்கும். அதில் புலியும் ஆடும் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு சிக்கும். மிரண்டுபோன அம்புப் புழு வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடும். அல்லது பக்கத்தில் இருப்பதைக் கடித்து விழுங்கிவிடும். குப்பிக்குள் நடந்த இந்தக் கல்யாண விருந்தை அதன் அன்றாடச் சாப்பாடு என்று கணக்கெழுதினால் தவறாகிவிடும். அதனால்தான் சில நிமிஷங்களுக்கு மேல் வலையை இழுக்கக் கூடாது, தூக்கிய கையோடு மருந்தில் போட வேண்டும் என்று விஞ்ஞானிகள் வற்புறுத்துகிறார்கள்.

இரண்டாவது, நேரம். நம் வெப்பக் கடலில் விழுங்கியது ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடும். கோபிபாடின் ஓடு, தாடை போன்ற கெட்டியான பாகங்கள் கொஞ்சம் மிஞ்சும். மீன் குஞ்சும் ஜெல்லித் துணுக்கும் சுவடில்லாமல் போய்விடும். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்கு ஓடு மட்டுமே தெரிவதால், அம்புப் புழு கோபிபாடைத்தான் தின்கிறது என்ற முடிவு பலப்படும். எலும்பை வைத்து விருந்தை எடைபோட்டால், சாப்பிட்ட தயிர்சாதம் கணக்கில் வராது.

மூன்றாவது, காலி வயிறு. பிடித்துப் பார்க்கும் புழுக்களில் பெரும்பாலானவற்றின் வயிறு காலியாகவே இருக்கும். சும்மா ஒரு கணக்குப் போடலாம். 100 புழுவில் 10இன் வயிற்றில் மட்டும் ஆளுக்கொரு இரை இருக்கிறது. ஜீரணமாக இரண்டு மணி நேரம் ஆகும் என்று வைத்தால், ஒரு புழு நாளுக்கு சராசரியாக 1.2 இரை தின்கிறது. ஒரு மணி நேரம்தான் என்றால் 2.4 ஆகிவிடும். கைக்கடிகாரத்தில் ஒரு மணி நேரம் தவறினால் கடலில் மேயும் மந்தையின் சாவு இரண்டு மடங்காகிவிடுகிறது. மேற்கொண்டு வரும் மீன்வளக் கணக்கு எல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

காலி வயிறு ஒரு சண்டையையே கிளப்பியது. 2012இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் சிலர் ஒரு குண்டைப் போட்டார்கள். அம்புப் புழுவின் முக்கிய உணவு இரையே அல்ல, தண்ணீரில் கரைந்தும் தூளாகவும் இருக்கும் கரிமப் பொருள்தான் என்றார்கள். புலி புல் தின்கிறது என்ற மாதிரி. பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் முழுக்க ஒதுக்கித் தள்ளவும் முடியவில்லை. ஆர்க்டிக் கடலில் ஒரு வகை அம்புப் புழு, மேலிருந்து உதிரும் கரிமத் துகள்களையும் சாப்பிடுகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. வகைக்கு வகை சாப்பாடு மாறுகிறது என்றுதான் இப்போதைக்குக் கொள்ள வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், 51.8 கோடி வருஷத்துக்கு முந்தைய தகவல் தெளிவாக இருக்கிறது. வடக்கு கிரீன்லாந்துப் பாறைகளில் கிடைத்த டிமோர்பெஸ்டியா என்ற பிராணியைப் பற்றி 2024 ஜனவரியில் கட்டுரை வெளியானது. அம்புப் புழுவின் ஆதி உறவு. உணர்கொம்போடு சேர்த்தால் 30 சென்டிமீட்டர் வரை நீளம். அந்தக் காலக் கடலின் பெரிய வேட்டைக்காரர்களில் ஒன்று. அதன் வயிற்றுக்குள் ஐசாக்சிஸ் என்ற ஓடுள்ள பிராணியின் மிச்சம் கல்லாகி இருந்தது. செத்துப்போன பாட்டனின் கடைசிச் சாப்பாடு தெரிகிறது. நேற்று பிடித்த பேரனின் சாப்பாட்டில் சந்தேகம்.

இங்கேதான் டி.என்.ஏ. வருகிறது. இரை உருத்தெரியாமல் கரைந்த பிறகும் அதன் டி.என்.ஏ. துணுக்குகள் வேட்டைக்காரனின் வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கும். குறிப்பாக மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஒரே செல்லில் நூற்றுக்கணக்கான நகல்கள் இருப்பதால் சில பிரதியாவது தப்பிப் பிழைக்கும். அதிலிருந்து ஒரு சின்னப் பகுதியை லட்சக்கணக்கில் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, தெரிந்த உயிரினங்களின் எழுத்துகளோடு ஒப்பிடுகிறார்கள். கறித்துண்டை அடையாளம் காண உப்பல் சாலையின் உத்தி மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு ஜீனைத் தேர்ந்தெடுத்தது. அதே 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் வேறொரு ஜீனைத் தேர்ந்தெடுத்து, கடைச் சரக்குகளின் பார்கோடு போல ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு கோடு என்ற யோசனையைச் சொன்னார். கடல் பிராணிகளுக்கு இன்று அதிகம் பயன்படுவது அதுதான்.

மந்திரக்கோல் கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். வயிற்றை அரைத்துப் பார்த்தால் முதலில் வந்து நிற்பது வேட்டைக்காரனின் சொந்த டி.என்.ஏ.தான். அதை அடக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படி அடக்கினால் வேறொன்று தப்பிவிடும். அம்புப் புழு தன் இனத்தையே தின்னும் பழக்கமுள்ளது. தின்றவனும் தின்னப்பட்டவனும் ஒரே இனம் என்றால் டி.என்.ஏ.வில் வித்தியாசம் தெரியாது. கோபிபாட் தின்ற தாவரத்தின் டி.என்.ஏ.வும் கோபிபாடோடு சேர்ந்து உள்ளே வந்து, புலி புல் தின்றதாகக் காட்டும். விழுங்கியது முட்டையா, குஞ்சா, பெரிய மீனின் உதிர்ந்த செதிலா என்றும் சொல்லாது. எத்தனை கிராம் என்றும் சொல்லாது. யார் வயிற்றில் யார் என்பதை மட்டும் மைக்ராஸ்கோப்பைவிட நன்றாகச் சொல்லும். ஆகவே மைக்ராஸ்கோப்பை மூட்டை கட்டிவிட முடியாது. இரண்டும் சேர வேண்டும்.

இதனால் மீனவருக்கு என்ன லாபம்? பதில் ஹைதராபாத்தின் இன்னொரு கோடியில், நிஜாம்பேட்டைப் பக்கத்தில் இருக்கிறது. 1999இல் தொடங்கிய இன்காய்ஸ், அதாவது இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், எங்கே வலை வீசினால் மீன் கிடைக்கும் என்று மீனவர்களுக்குத் தகவல் தருகிறது. செயற்கைக்கோள் காட்டும் கடல்நீரின் வெப்பமும் பச்சையத்தின் அளவும்தான் இதற்கு ஆதாரம். பச்சை இருக்கும் இடத்தில் மேய்ச்சல் இருக்கும், மேய்ச்சல் இருக்கும் இடத்தில் மீன் இருக்கும் என்பது தர்க்கம். பெரும்பாலும் பலிக்கிறது, டீசலும் மிச்சமாகிறது. ஆனால் பச்சைக்கும் மீனுக்கும் நடுவில் சில கண்ணாடி வாய்கள் இருக்கின்றன. வானத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அந்த வாய்கள் தெரியாது. பச்சை நிறைய இருந்தும் மீனுக்குப் பதிலாக ஜெல்லி வலையில் நிறையும் நாட்கள் உண்டு. நாக்டிலூகாவின் ஒரு வகை தன் உடம்புக்குள்ளேயே பச்சைப் பாசியைக் குடிவைத்திருப்பதால், வேட்டைக்காரனே மேய்ச்சல் நிலம் போலத் தோன்றுவதும் உண்டு. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கியபோது பெருகியிருந்தது இந்தப் பச்சை நாக்டிலூகாதான்.

மீன் மட்டுமல்ல விஷயம். கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் இடத்தில் ஜெல்லி மீன்கள் திரண்டு வந்து அடைத்துக்கொள்ளும் தொல்லை பற்றி 2000இல் கரண்ட் சயின்ஸ் இதழில் கட்டுரையே வந்தது. இவை எதைத் தின்று எப்போது பெருகும் என்பது தெரிந்தால் முன்கூட்டியே எச்சரிக்கலாம்.

செய்ய வேண்டிய வேலை பெரிய ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. நம் கரையோரத்தின் கோபிபாட், மீன் முட்டை, மீன் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் பார்கோடு எழுதிய நூலகம் வேண்டும். அது முழுமையாகாதவரை வயிற்றில் கிடைக்கும் எழுத்துக்கு உரியவர் யார் என்று தெரியாது. அப்புறம், ஒரே இடத்தில் பகலும் இரவும், மழைக்காலமும் கோடையும், வருஷக்கணக்காகச் சிறு வலையைக் குறைந்த நேரம் இழுத்துச் சேகரிக்க வேண்டும். ஒருமுறை போய் ஒருமுறை பிடித்து ஒரு கட்டுரை எழுதுவதால் மத்தியின் தலைவிதி தெரிந்துவிடாது. கொச்சியிலும் கோவாவிலும் அம்புப் புழுக்களை வகை பிரிக்கத் தெரிந்த கண்கள் இருக்கின்றன. உப்பல் சாலையில் துணுக்கைப் படித்து ஆளைச் சொல்லும் கை இருக்கிறது. நிஜாம்பேட்டைப் பக்கம் கடலை வரைபடமாக்கும் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒரு திட்டத்தில் கட்டிப்போட்டால், எங்கே பச்சை என்று மட்டும் சொல்லும் வரைபடம், அந்தப் பச்சையை யார் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்லத் தொடங்கும்.

மானைக் கொன்றவனின் பையைச் சோதிக்கச் சட்டம் இருக்கிறது, அதற்குப் பணமும் ஒதுக்கப்படுகிறது. மத்திக் குஞ்சைத் தின்றவனின் வயிற்றைச் சோதிக்கச் சட்டம் தேவையில்லை. ஒரு சின்ன வலை, ஒரு குப்பி மருந்து, பத்து வருஷப் பொறுமை போதும். முதல் இரண்டும் மலிவு. மூன்றாவதற்குத்தான் பட்ஜெட்டில் இடம் பிடிப்பது கஷ்டம்.